திறமையின் பெயரால்

இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்ட முன்வரைவு 2025 ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அடுத்த சில நாட்களிலேயே நம் நாட்டு நிறுவனங்கள் தங்கள் சீட்டு மேசைகளை ஒவ்வொன்றாக மூடின. எத்தனையோ தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஆயினும் அந்தப் பெருமூச்சோடு ஒரு முணுமுணுப்பும் கலந்து எழுந்தது. 'இப்போதுதான் நாங்கள் இலாபம் காணத் தொடங்கியிருந்தோம். அதற்குள் சட்டம் வந்து எங்கள் வருவாயைப் பறித்துவிட்டது' என்பதே அந்த முணுமுணுப்பு.

இது நெல்பேட்டைக்கோ, மகபூப்பாளையத்துக்கோ, கோரிப்பாளையத்துக்கோ மட்டும் உரிய குரலன்று. எந்தச் சமயத்தாரின் தெருவிலும் இது ஒலிக்கும். மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும், கைப்பேசியும் இருபது வயதும் ஒன்றுசேர்ந்த இடங்களில் எல்லாம் ஒலிக்கும். எனினும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம்தானே பதில் சொல்ல வேண்டும்? எனவே நம் இல்லங்களை முன்னிட்டே இங்கு எழுதுகிறோம்.

பணத்தை இழந்து நிற்பவர்களை நோக்கி நாம் இதை எழுதவில்லை. அவர்களுக்கு அறிவுரை தேவையில்லை. பட்ட அடியே போதும். வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் சிலரையே நாம் எதிர்கொள்ள விரும்புகிறோம். இந்தத் தீமையைத் தெருவெங்கும் கொண்டு சென்றவர் தோற்றவர் அல்லர், சிறிதளவு வென்றவரே. தோற்றவன் வாயை மூடிக்கொள்கிறான். வென்றவன் நண்பனிடம் சொல்கிறான். நண்பன் தம்பியிடம் சொல்கிறான்.

முதலில் அவர்கள் தரப்பை அவர்களே ஏற்கும்படி எடுத்துரைப்போம். எதிராளியின் வாதத்தைக் குறைத்துச் சொல்லி வெல்வது நேர்மையன்று.

இத்தகைய இளைஞர் குடியர் அல்லர், சோம்பேறி அல்லர், பெரும்பாலும் கணக்கில் கெட்டிக்காரர். ரம்மியில் தொடங்கிப் போக்கர் என்னும் ஆட்டத்துக்கு வந்தவர். ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகக் கையில் இருக்க, பொதுவாக ஐந்து சீட்டுகள் நடுவில் விரிய, ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றுவதா, ஒப்புவதா, விலகுவதா என்று முடிவு செய்யும் ஆட்டம் அது. நம் இளைஞர் பெரிய மேசைக்குப் போவதில்லை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பந்தய மேசையே அவருக்குப் போதும். எந்தச் சீட்டு வர எத்தனை வாய்ப்பு என்று மனப்பாடம் செய்கிறார். கைமுதலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டு போவதில்லை என்று விதி வகுத்துக்கொள்கிறார். வரவையும் செலவையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். முதல் மூன்று மாதம் இழப்பு. அடுத்த மூன்று மாதம் சரிக்குச் சரி. அதன்பின் சிறிது இலாபம். 'அத்தா, இது சூதில்லை. இது கணக்கு' என்று அந்தக் குறிப்பேட்டை நீட்டுகிறார். அத்தா வாயடைத்துப் போகிறார்.

திறமைக்கு அங்கு இடமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இடம் உண்டு. உச்ச நீதிமன்றம் 1968இல், செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று கூறிற்று. போக்கரைப் பொறுத்தவரை நீதிமன்றங்களே ஒத்த கருத்தில் இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதைச் சூதாட்டத்தின் பக்கம் வைத்தது. நம் சென்னை உயர் நீதிமன்றமோ 2023 நவம்பர் 9ஆம் நாள் தீர்ப்பில், தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பொதுவில் நிலைநிறுத்திவிட்டு, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் என்று பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. ஆகவே திறமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திறமைக்குக் கிடைக்கும் கூலி என்ன? நம் இளைஞர் கணக்கைத்தானே நம்புகிறார்! கணக்காகவே பார்ப்போம்.

ஆறு பேர் அமரும் ஒரு மேசை. பெரும்பந்தயம் இரண்டு ரூபாய். ஒவ்வொருவரும் 200 ரூபாய் கொண்டு வருகிறார்கள். மேசையில் மொத்தம் 1200 ரூபாய். மணிக்கு 60 ஆட்டங்கள் நடக்கின்றன. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணம் சராசரியாக 20 ரூபாய். அதில் நூற்றுக்கு ஐந்து வீதம் மேசையை நடத்துபவர் தம் பங்காக எடுத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். மிகச் சிறிய தொகை! யார் கண்ணிலும் படாது. ஆனால் மணிக்கு அது 60 ரூபாய். இருபது மணி நேரத்தில் 1200 ரூபாய். அதாவது, ஆறு பேர் கொண்டு வந்த பணம் எவ்வளவோ அவ்வளவும், ஒரு சீட்டையும் தொடாத ஒருவரின் பெட்டிக்குப் போய்விடுகிறது. அவர் பந்தயம் கட்டவில்லை, கவலைப்படவில்லை, அவருக்குத் திறமையும் தேவையில்லை.

இனி, அந்த மேசையில் நம் இளைஞர் மெய்யாகவே கெட்டிக்காரர் என்று கொள்வோம். நூறு ஆட்டங்களுக்கு ஐந்து பெரும்பந்தயம் நிகர இலாபம் காண்பது நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். இரண்டு ரூபாய் மேசையில் அது நூறு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய். மணிக்கு ஆறு ரூபாய். ஆம், ஆறே ரூபாய்! ஒரே நேரத்தில் நான்கு மேசைகளைக் கண் இமைக்காமல் நடத்தினாலும் மணிக்கு 24 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 192 ரூபாய். 2025-26ஆம் ஆண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். மேலூர்ப் பக்கத்தில் கண்மாய்க் கரையில் மண் அள்ளிய அம்மையாருக்கு அறிவிக்கப்பட்ட கூலி, வாய்ப்புக் கணிதத்தைக் கரைத்துக் குடித்த நம் பட்டதாரியின் நாள் வருவாயைவிட 144 ரூபாய் அதிகம். அந்த அம்மையார் யாரையும் தோற்கடிக்கவும் இல்லை.

இதன்மீது வரி வேறு. 2023 ஏப்ரல் முதல், நிகரமாக வென்ற தொகையில் நூற்றுக்கு முப்பது வருமான வரி. அதே ஆண்டு அக்டோபர் முதல், மேசைக்கெனக் கட்டும் பணம் முழுவதன்மீதும் நூற்றுக்கு இருபத்தெட்டு சரக்கு சேவை வரி. நடத்துபவரின் பங்கும், அரசின் பங்கும் போக எஞ்சியதற்குத்தான் ஆறு பேரும் அடித்துக்கொண்டார்கள். இந்த நிலை சட்டம் தடை செய்வதற்கு முன்னரே இருந்தது. ஆகவே 'சட்டம் எங்கள் வருவாயைப் பறித்தது' என்பது பொருளற்ற பேச்சு. பறிப்பதற்கு அங்கு என்ன இருந்தது?

'மணிக்கு ஆறு ரூபாய் என்பது தொடக்கந்தான்; கற்றுத் தேறி மேலே போவோம்' என்பார்கள். இங்குதான் அந்தக் குறிப்பேட்டின் பெரும் பொய் இருக்கிறது. எழுதியவர் பொய் எழுதவில்லை. ஏடே பொய் சொல்கிறது.

போக்கரில் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. இரண்டு ரூபாய் மேசையில் நூறு ஆட்டத்துக்குச் சராசரி இலாபம் பத்து ரூபாய் என்றால், சீட்டின் போக்கால் அந்த நூறு ஆட்டத்தில் மேலும் கீழும் ஊசலாடும் அளவு ஏறக்குறைய 180 ரூபாய். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆடினால், பத்தாயிரம் ஆட்டங்களை முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாத முடிவில், மெய்யாகவே திறமையுள்ள நூறு பேரில் ஏறக்குறைய 29 பேர் இழப்பில் நிற்பார்கள் என்பது வாய்ப்புக் கணிதம் தரும் விடை. அதைவிடக் கொடியது இன்னொன்று. நூறு ஆட்டத்துக்கு நான்கு ரூபாய் வீதம் உறுதியாகத் தோற்கும் தரத்திலுள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால், அதே மூன்று மாத முடிவில் அவர்களில் ஏறக்குறைய 41 பேர் இலாபத்தில் இருப்பார்கள். அந்த 41 பேரும் குறிப்பேட்டை நீட்டி, 'பாருங்கள், நான் வெல்பவன்' என்பார்கள். அவர்களில் சிலர் படிப்பை விடுவார்கள். சிலர் வேலையை விடுவார்கள். பெரிய மேசைக்குப் போவார்கள். அவர்கள் தோற்பவர்கள் என்பதை ஏடு காட்டும்போது கைமுதல் இராது. சில வேளை வீடும் இராது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2017 சனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், தாங்கள் ஆக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரலை நான்கு தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிராக அமர்த்தினார்கள். யார் வல்லவர் என்று உறுதியாகச் சொல்ல, அவர்கள் ஆடச் செய்தது 1,20,000 ஆட்டங்கள். வென்றது கணினி. கணிதத்தையே தொழிலாகக் கொண்ட அறிஞர்களுக்கு 1,20,000 ஆட்டங்கள் தேவைப்பட்டன. நம் இளைஞருக்கோ ஒரு ரமலானுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடைப்பட்ட காலம் போதுமாயிருக்கிறது! மேலும், 2019இல் ஆறு பேர் ஆடும் மேசையிலும் தேர்ந்தவர்களை வெல்லும் நிரல் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மேசையில் எதிரே இருப்பது மனிதரா, நிரலா என்று அறிய எந்தத் திறமை உதவும்?

'உலகில் வென்றவர்களே இல்லையா?' என்று கேட்பார்கள். உண்டு. அவர்கள் கதைதான் தூண்டில். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர், சிறு தொகை கட்டி இணையத் தகுதிச் சுற்றில் வென்று, 2003இல் லாஸ் வேகாஸ் நகரின் உலகத் தொடரில் நுழைந்து, 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அவர் தொழிலாக ஆடியவர் அல்லர், பொழுதுபோக்காக ஆடியவர். விளைவு என்ன? அந்த ஆண்டு அத்தொடரின் முதன்மைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். மறு ஆண்டு 2,576 பேர். 2005இல் 5,619 பேர். 2006இல் 8,773 பேர். ஒருவர் வென்ற செய்தி கேட்டு, மூன்றே ஆண்டில் பத்து மடங்கினர் பணத்தோடு வந்து நின்றார்கள். அவரை நாடறியும். தோற்றுத் திரும்பியவர்களின் பெயரை யார் அறிவார்?

இப்போது நம் இளைஞரிடம் வேறொரு கேள்வி கேட்கிறோம். அந்த ஆறு ரூபாய் யாருடையது?

மேலே சொன்ன மேசைக்கே மீண்டும் வருவோம். இருபது மணி நேரத்தில் நம் இளைஞருக்கு 120 ரூபாய் இலாபம்; நடத்துபவருக்கு 1200 ரூபாய். மொத்தம் 1320 ரூபாய். இது மற்ற ஐவரிடமிருந்துதான் வர வேண்டும். அவர்கள் முதலில் கொண்டு வந்ததோ ஆளுக்கு 200 வீதம் 1000 ரூபாய். ஆக, அது முழுவதும் போய், மேலும் 320 ரூபாய் அவர்கள் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வந்து தோற்றாலன்றி இவருடைய 120 ரூபாய் பிறக்காது. நம் இளைஞர் ஒரு ரூபாய் பெற, எதிரே இருப்பவர்கள் பதினொரு ரூபாய் இழக்க வேண்டும். இப்படிப்பட்ட வருவாய் வேறு எந்தத் தொழிலில் உண்டு?

நம் மதுரை வணிக நகரம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பொழுது விடியுமுன் மல்லிகை கைமாறுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. விளைவித்தவர் பணம் பெறுகிறார். வாங்கியவர் பூவைப் பெறுகிறார். தொடுப்பவர் கூலி பெறுகிறார். ஒரு வீட்டில் மணம் பரவுகிறது. பேரத்தில் வல்லவர் சற்றுக் கூடுதலாகப் பெறலாம். அது திறமைக்கான கூலி. ஆனால் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. சுங்கடிச் சேலை விற்பவரும், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவரும், தையல் கடை நடத்துபவரும் அப்படித்தான். பூக்கடைக்கு வாங்கியவர் மறுநாளும் வருவது பூ மணத்ததால். சீட்டு மேசைக்குத் தோற்றவர் மறுநாளும் வருவது தோற்றதால். இந்த வேறுபாட்டை உணராதவர் வணிகம் என்னும் சொல்லைத் தம் வாயால் சொல்லலாகாது.

இன்னும் கேளுங்கள். சிறு மேசையில் இலாபம் காண விரும்புவோருக்கு அந்த ஆட்டத்தின் ஆசான்கள் சொல்லித் தரும் முதற்பாடங்களுள் ஒன்று, வலுவற்றவர்கள் அமர்ந்திருக்கும் மேசையைத் தேடு என்பதுதான். அத்தகைய வலுவற்றவருக்கு அவர்கள் இட்ட பெயர் 'மீன்'. சம்பளம் வந்த இரவில் ஆடுபவன் மீன். இழந்ததை மீட்கத் தவிப்பவன் மீன். தூக்கமின்றித் தட்டுத் தடுமாறுபவன் மீன். அவனைக் கண்டுபிடித்து, அவன் எழுந்து போவதற்குள் அவன் பணத்தை வாங்கிவிட வேண்டும். இதற்குப் பெயர் திறமை! திருவள்ளுவர் சூது என்னும் 94ஆம் அதிகாரத்தில், வெற்றியைத் தூண்டில் இரும்பென்றும் அதை விழுங்கிய மீனென்றும் உவமித்தது தோற்றவனைக் குறித்தன்று, வென்றவனைக் குறித்தே. பிறரை மீன் என்று எண்ணி அமர்ந்தவன் வாயில்தான் முள் இருக்கிறது.

'சிறு பணம்தானே? யார் கெட்டுவிட்டார்கள்?' என்பாரும் உண்டு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 45 கோடி மக்கள் இவ்விளையாட்டுகளில் 20,000 கோடி ரூபாய் இழக்கின்றனர் என்பது 2025இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 444 ரூபாய். சிறு பணம்தான்! ஆனால் சராசரி என்பது எல்லாரும் சமமாக இழப்பதைக் குறிக்காது. நூறு பேர் நூறு நூறு ரூபாயோடு தப்பிப் போக, ஒருவர் தம் மனைவியின் கழுத்து நகையையும், கைப்பேசிக் கடனையும், இறுதியில் உயிரையும் இழப்பதும் அதே சராசரிக்குள் அடங்கும். சிறு பந்தயம் என்பது வாசற்படி. வாசற்படி தாழ்வாக இருப்பது உள்ளே வருபவர் இடறாமல் வரட்டும் என்பதற்காகவே.

சட்டம் வந்த வழியையும் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். அதில் மதுரைக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. 2020 சூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி பி. புகழேந்தி, சீட்டாட்ட வழக்கு ஒன்றை விசாரித்தபோது, இணையவழிச் சூதினை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்று எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றது. தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில், 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கையின்மேல் மீண்டும் அவசரச் சட்டம். 2023 ஏப்ரலில் முழுச் சட்டம். அதே நவம்பரில் நாம் மேலே சொன்ன தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடலாகாது என்றும், ஆதார் வழி அடையாளம் காட்ட வேண்டும் என்றும் விதிகள் வந்தன. சூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

ஐந்தாண்டு நடந்த இந்த வழக்காடல் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: திறமையா, வாய்ப்பா? நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆனால் ரம்மி திறமையாட்டம் என்ற அதே தீர்ப்பு, பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் இலாபம் ஈட்டுவதாகச் சான்று இருந்தால் குற்றம் நிலைநிற்கக்கூடும் என்றும் கூறியிருந்தது. அந்தப் பாதியை எத்தனை பேர் மக்கள் மன்றத்தில் எடுத்துச் சொன்னார்கள்? 2025ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கேள்வியையே ஒதுக்கி வைத்துவிட்டது. திறமையாயினும் வாய்ப்பாயினும், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டம் கூடாது என்றது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும். ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

நம் ஷரீஅத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஷாபிஈ, ஹனபீ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களும் குதிரையோட்டத்தையும் அம்பெய்தலையும் போற்றுகின்றன. அவற்றுக்குப் பரிசு வைப்பதையும் ஏற்கின்றன. அம்பெய்தலைவிடத் திறமை மிகுந்த போட்டி எது? ஆயினும், போட்டியிடும் இருவருமே பணம் வைத்து, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வது சூதே என்று அந்நூல்கள் தடுக்கின்றன. மூன்றாமவர் பரிசளிக்கலாம், ஒருவர் மட்டும் பரிசு வைக்கலாம். தோற்றவன் கைப்பொருள் வென்றவனுக்கு இரையாதல் கூடாது. ஃபுகஹாக்கள் கேட்டது 'திறமை எவ்வளவு?' என்றன்று, 'பணம் யார் பையிலிருந்து வருகிறது?' என்றே. ஆகவே, 'திறமை இருப்பதால் இது மைஸிர் ஆகாது' என்று நம் இளைஞர் சொல்லும்போது, அவர் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் மதுவையும் மைஸிரையும் பற்றிப் பேசும்போது அவற்றில் பயனே இல்லை என்று கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்டு, கேடு பயனினும் பெரிது என்று நிறுத்துப் பார்க்கிறது. அக்கால அரபியர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து அம்பு குலுக்கியபோது, வென்ற இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொண்டனர் என்பர் விரிவுரையாளர். ஏழையின் பசி தீர்த்த அந்தப் பயனே தராசில் தாழவில்லை என்றால், நம் இளைஞரின் ஆறு ரூபாய் எம்மாத்திரம்?

சட்டம் வந்துவிட்டது; கடமை தீர்ந்தது என்று நாம் இருந்துவிடலாமா? கூடாது. உள்நாட்டு மேசை மூடினால் கடல் கடந்த மேசை கைப்பேசியில் விரிகிறது. அங்கு வென்ற பணத்தைத் தராவிட்டால் கேட்பதற்கு நீதிமன்றமும் இல்லை. அமெரிக்க வீரர்களுக்கே இது நேர்ந்தது. ஃபுல் டில்ட் என்னும் பெரும் நிறுவனத்தின் தளத்தை அமெரிக்க அரசு 2011 ஏப்ரலில் முடக்கியது. அப்போது அந்நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறக்குறைய 39 கோடி டாலர். அதன் வங்கிக் கணக்குகளில் இருந்ததோ ஏறக்குறைய 6 கோடி டாலர். திறமையால் வென்றவர்களின் இலாபமும் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது. அதற்கு முன்னரே வேறொரு தளத்தில் உள்ளாட்கள் சிலர் மற்றவர்களின் மறைவுச் சீட்டுகளைப் பார்த்தபடியே ஆடியதும் வெளிப்பட்டது. எதிராளி உங்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வாய்ப்புக் கணிதம் என்ன செய்யும்?

நம் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஹராம்' என்ற ஒரே சொல்லை வீசிவிட்டு எழுந்து போவதால் பயனில்லை. குறிப்பேட்டோடு வருபவனுக்குக் கணக்கோடுதான் விடையளிக்க வேண்டும். தாம் மட்டும் மனமகிழ் மன்றத்தில் சீட்டு மேசையில் அமர்ந்துவிட்டு, மகனின் கைப்பேசியைப் பிடுங்கும் தந்தையின் சொல் எடுபடாது. கடனில் வீழ்ந்த பிள்ளையைப் பழித்துத் தெருவில் நிறுத்துவதும் தகாது. பழிக்கு அஞ்சியே பலர் உண்மையை மறைத்து, மேலும் கடன் வாங்கி, மீட்க முடியாத இடத்துக்குப் போகிறார்கள். ஜமாஅத்துகள் வட்டியில்லாக் கடன் கொடுத்து அத்தகையவரின் கைப்பேசிக் கடன்களை அடைக்க வழி காண வேண்டும். வாய்ப்புக் கணிதத்தில் தேர்ந்த மூளைக்குக் கணக்கியலிலும் காப்பீட்டுக் கணிதத்திலும் கணினியிலும் இடம் காத்திருக்கிறது என்பதைக் கல்வி தெரிந்தவர்கள் எடுத்துக்காட்ட வேண்டும். அறிவை அணைக்கச் சொல்லவில்லை; அது எரிய வேண்டிய அடுப்பைக் காட்டச் சொல்கிறோம்.

தாய்மார்களே! உங்கள் மகனோ தம்பியோ இலாபம் காட்டினால், முகம் மலர்ந்து அந்தப் பணத்தை வாங்கிவிடாதீர்கள். பெருநாள் துணிக்கென்று தந்தாலும் வாங்காதீர்கள். இஷாத் தொழுகை முடிந்து உணவுக்கு அமரும்போது, அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணி நேரம் விழித்திருந்தாய், எத்தனை முறை பணம் கட்டினாய், கடன் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். எல்லாம் எழுதி முடித்தபின், இலாபம் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். அது யாருடைய பணம் என்று மட்டும் கேளுங்கள்.